எதை வைத்துக்கொள்ள வேண்டும்

இருபத்தேழு. இன்னமும் இருபத்தேழு சதவீதம்தான். காப்பி குடிக்க எழுந்து போனபோது இருபத்தேழு. குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து, வாசலில் கிடந்த செருப்புகளை ஜோடி சேர்த்து, வேறு வேலை கிடைக்காமல் காலண்டரில் இன்றைய தாளை இப்போதே கிழிக்கப் போய் மனைவி குணவதியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, திரும்ப வந்து உட்கார்ந்தால் அதே இருபத்தேழு. நீலத் திரை. நடுவில் ஐந்தாறு புள்ளிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சுற்றுகின்றன. கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி, புதுப்பிக்கும் வேலை நடக்கிறது, கம்ப்யூட்டரை நிறுத்திவிடாதீர்கள் என்று. நான் எதற்கப்பா நிறுத்தப் போகிறேன், நீ ஓடினால் போதும். ஒன்பது பத்துக்கு ஆரம்பித்தது, இப்போது மணி பத்து இருபது. எழுபது நிமிஷத்துக்கு இருபத்தேழு என்றால் நூறுக்கு எவ்வளவு என்று மனக்கணக்குப் போட்டேன், நாலு மணி நேரத்துக்கு மேல் வந்தது, பிடிக்கவில்லை, மறுபடி போட்டேன், அதுவேதான் வந்தது. முப்பத்து நாலு வருஷம் மின்வாரியத்தில் வேலை பார்த்தவனுக்குக் கணக்கு தப்பாது, தப்பினால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிற அன்றைக்கும் தப்பாது. அதை விடு. எனக்கு உறுத்துவது அது இல்லை. ஆரம்பத்தில் இது ஒரு கேள்வி கேட்டது. எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று. மூன்று பதில் கொடுத்திருந்தது. எல்லாக் கோப்புகளும் புரோகிராம்களும் அப்படியே இருக்கட்டும் என்பது ஒன்று. என் கோப்புகள் மட்டும் என்பது இரண்டு. ஒன்றும் வேண்டாம் என்பது மூன்று. நான் முதலாவதைத்தான் தொட்டேன். தொட்டேனா? மவுஸை நகர்த்தியது ஞாபகம் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து குணவதி அடுக்களையிலிருந்து, என்னங்க, பால்காரர் வந்துட்டாரா பாருங்க என்று கத்தியதும் ஞாபகம் இருக்கிறது. விரல் எதன்மேல் இருந்தது என்பது மட்டும் ஞாபகம் இல்லை. முதலாவதாகத்தான் இருக்கும். இரண்டாவது என்றாலும் பாதகமில்லை, கோப்புகள் இருக்கும். ஆனால் என் கோப்புகள் என்றால் யாருடையவை? கேள்விக்குப் பதில் சொன்னவன் நான். சுடருடைய கோப்புகளை அது என் கணக்கில் சேர்க்குமா, சேர்க்காதா? எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன். இருபத்தேழு.

சுடர்க்கொடி என் மகள். ஒரே மகள். இந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தால் திரையில் இரண்டு வட்டம் வரும், ஒன்றில் என் பெயர், இன்னொன்றில் அவள் பெயரும் கல்லூரிக் காலத்துப் படமும், ஒரு பக்கம் தலை சாய்த்து, பல் தெரியாமல் சிரிப்பாள். அவளுடைய வட்டத்தைத் தொட்டால் பாஸ்வேர்டு கேட்கும். எனக்குத் தெரியாது. தெரியாது என்பது தெரிந்தும் எத்தனையோ நாள் தொட்டிருக்கிறேன், அப்போது அந்தப் படம் கொஞ்சம் பெரிதாக வரும். அவள் ஹைதராபாத் போய் நாலு வருஷம் ஆகிறது. அவள் என்னோடு பேசியும் நாலு வருஷம் ஆகிறது, நான் அவளோடு பேசியும்தான், அதையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அவள் அம்மாவுக்குப் போன் செய்வாள். மணி அடித்ததும் நான் எழுந்து மோட்டார் ரூமுக்குப் போய்விடுவேன், அங்கே எனக்கு ஏதோ வேலை இருப்பதுபோல. ஒரு தடவை குணவதி குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது, எடுத்தேன், அம்மா என்றாள், நான் ஒன்றும் சொல்லாமல் பாத்ரூம் கதவைத் தட்டி ஈரக்கையில் போனைக் கொடுத்துவிட்டேன். அப்படி ஒரு மடையன். நேற்றைக்கு முந்திய ஞாயிறு, பேசி முடித்துவிட்டு குணவதி என் முகத்தைப் பார்க்காமல் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "வர்ற சனி இல்ல, அதுக்கு அடுத்த சனிக்கிழமை வர்றாளாம். கம்ப்யூட்டர்ல அவளோடது ஏதோ இருக்காம், எடுத்துக்கணுமாம். அதுவரைக்கும் யாரும் தொட வேணாம்னு சொல்லச் சொன்னா." யாரும் என்றால் இந்த வீட்டில் வேறு யார்? பூனைகூட இல்லை. நாலு வருஷத்தில் எனக்கு அவள் அனுப்பிய முதல் செய்தி அது. தொட வேண்டாம் என்பதுதான் செய்தி, ஆனால் எனக்குக் காதில் விழுந்தது வருகிறாள் என்பது மட்டும். இந்த வீட்டில் அவள் வந்து எடுத்துக்கொண்டு போகிற மாதிரி மிச்சம் இருப்பது இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. நான் இல்லை, அம்மா செய்கிற வெந்தயக் குழம்பும் இல்லை. இந்தப் பெட்டி. அது கெட்டால் சனிக்கிழமையும் கெட்டது.

அப்படியென்றால் சும்மா விட்டிருக்க வேண்டியதுதானே? விட்டிருக்க வேண்டும். ஆனால் இது கிளம்புவதற்குள் பன்னிரண்டு நிமிஷம் ஆகிறது. அவள் பொறுமையில்லாதவள், என் மகளாயிற்றே. உட்கார்ந்து பார்ப்பாள், இன்னும் இந்த ஓட்டை உடைசலை வச்சிருக்காங்களா என்று நினைப்பாள், எழுந்து போய்விடுவாள். வேகமாக ஓடினால் கொஞ்ச நேரம் உட்காருவாள், நான் பின்னால் நிற்கலாம், அப்பா நீங்களேவா புதுசு போட்டீங்க என்று கேட்டாலும் கேட்கலாம். இது வேறு, திரையின் மூலையில் தினமும் அறிவிப்புக் காட்டிக்கொண்டே இருந்தது, பழைய சாஃப்ட்வேருக்கு இனிப் பாதுகாப்பு கிடையாது, புதியதுக்கு மாறுங்கள் என்று. வாரியத்தில் பெரிய அதிகாரி இன்ஸ்பெக்ஷன் வருகிறார் என்றால் ஒரு வாரம் முன்பே டிரான்ஸ்ஃபார்மர் வேலிக்குப் பெயின்ட் அடிப்போம். ஒரு வருஷம் உற்சாகத்தில் அபாயப் பலகைக்கும் சேர்த்து அடித்து, மண்டையோடு எல்லாம் வெள்ளிப் பூச்சுக்குள் போய்விட்டது. அதே புத்திதான், ரிட்டயர் ஆகியும் போகவில்லை. நேற்று முழுக்க டவுன்லோடு ஆனது. இன்று காலை ஏழரைக்கு ஆரம்பிக்கப் போனேன். "திங்கக்கிழமை ஏழரை ஒன்பது ராகு காலம், மக வர்ற விஷயம், கொஞ்சம் பொறுத்தா என்னவாம்" என்றாள் குணவதி. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று சொல்லிவிட்டு, ஒன்பது பத்து வரை பொறுத்தேன். முப்பத்தொன்று. நகர்ந்துவிட்டது. நாலு எண் சேர்ந்தாற்போல. பார்த்துக்கொண்டே இருந்தால் நகராது போலிருக்கிறது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு ரெஜினா டீச்சர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கிளிப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார். "என்ன சார், இன்னைக்குக் கரண்ட் கட்டுன்னாங்களே, டேங்க்கெல்லாம் ரொப்பி வச்சாச்சு, இன்னும் போகலையே. எப்ப சார் போகும்?" நான் ரிட்டயர் ஆகி மூன்று வருஷம் ஆகியும் இந்தக் காலனியில் கரண்ட் போவதும் வருவதும் என்னிடம்தான் விசாரிக்கப்படும். இன்றைக்கா என்றேன். "மாசாந்திரப் பராமரிப்பு சார். உங்களுக்குத் தெரியாததா?" அப்போதுதான் காலையில் கேட்ட சத்தங்கள் உறைத்தன. விடியற்காலை ஐந்தரைக்கு மிக்ஸி ஓடியது. இட்லிப் பொடியோ சட்னியோ, இந்த நேரத்தில் எதற்கு இந்த அமர்க்களம் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். ஆறு மணிக்கு மோட்டார் ஓடியது. ஆறேகாலுக்கு இஸ்திரிப் பெட்டி வாசனை. ஊரில் எல்லா வீட்டிலும் ஷட்டவுன் நாள் காலை இப்படித்தான் விடியும், இந்த ஓசைகளை வைத்தே தேதி சொல்லலாம், நான் போர்வைக்குள் படுத்து எரிச்சல்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அடுக்களைக்கு ஓடினேன். "குணா, இன்னைக்கு ஷட்டவுனா? ஏன் எங்கிட்ட சொல்லல?" அவள் கத்திரிக்காயிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "ஈ.பி.காரருக்கு நான் சொல்லணுமாக்கும். நேத்து சாப்பிடறப்ப சொன்னேனே, விடிஞ்சதும் அரைச்சிடணும்னு. ம்ம்னு சொன்னீங்க." சொல்லியிருப்பாள். ம்ம் என்றும் சொல்லியிருப்பேன். நேற்றைய பேப்பரைத் தேடினேன். டீப்பாயில் இல்லை, பழைய பேப்பர் கட்டில் இல்லை. கடைசியில் அது கம்ப்யூட்டர் பெட்டிக்கு அடியில் இருந்தது. நேற்று சாயங்காலம் தூசி தட்டிவிட்டு, மகள் வருகிறாள் என்று சுத்தமாக இருக்கட்டுமே என்று நான்தான் விரித்தேன். பெட்டியை இப்போது அசைக்கக்கூடாது. தரையில் முட்டி போட்டு, தலையைச் சாய்த்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓரத்தைப் படித்தேன். காலை ஒன்பது முதல் பிற்பகல் இரண்டு வரை மின் விநியோகம் இருக்காது. மூன்றாவது வரியில் எங்கள் காலனி. அந்தத் தாளின்மேல்தான் பெட்டி உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்பது என்று போட்டால் ஒன்பதுக்குப் போகாது, அது எனக்குத் தெரியும். துணைமின் நிலையத்திலிருந்து ஐந்து ஃபீடர் கிளம்புகிறது, ஐந்து பாதை, ஒவ்வொன்றாகத்தான் எடுப்பார்கள், அதாவது நிறுத்துவார்கள், எங்களுடையது கடைசி ஃபீடர். பதினொன்று ஆகலாம், பதினொன்றரை ஆகலாம். இதோ இந்த நிமிஷமே ஆகலாம். மேலே ஃபேன் சுற்றுகிறது. ஃபேனைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன், முப்பத்தெட்டு, ஃபேனைப் பார்த்தேன். நடுவில் நின்றுபோனால் என்ன ஆகும்? பாதி பழசு பாதி புதுசாக நிற்கும், எதற்கும் பிடி கொடுக்காது, உள்ளே இருப்பதை யாராலும் எடுக்க முடியாமல் போகலாம் என்று எங்கேயோ படித்த ஞாபகம். மேசைக்கடியில் யு.பி.எஸ். இருக்கிறது, இருந்து என்ன, அதன் பேட்டரி செத்து இரண்டு வருஷம். மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். காலனியில் எல்லா வீட்டிலும் இன்வெர்ட்டர் இருக்கிறது, எங்கள் வீட்டில் மட்டும் கிடையாது. ஈ.பி.காரன் வீட்டில் இன்வெர்ட்டரா, அது வாரியத்தையே நம்பாத மாதிரி, என்று வீராப்புப் பேசியவன் நான். டீச்சர் வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து வயர் இழுக்கலாமா? பிளக்கைப் பிடுங்கி அதில் சொருகுவதற்கும் ஒரு நொடி அணைய வேண்டுமே. அந்த யு.பி.எஸ். வாங்கிய கதை வேறு இப்போது பார்த்து வந்து நிற்கிறது. சுடர் கல்லூரி கடைசி வருஷம் புராஜெக்ட் அடித்துக்கொண்டிருந்தாள், இதே நாற்காலி, இதே மேசை. இருபது பக்கம் சேமிக்காமல் அடித்திருக்கிறாள். பதினோரு மணிக்கு இந்தக் காலனியின் கரண்டை எடுத்தவன் நான். என் கையெழுத்து. மத்தியானம் சாப்பிட வந்தபோது முகம் வீங்க அழுதுகொண்டிருந்தாள். காலையில ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா என்றாள். நான் கை கழுவிக்கொண்டே சொன்னேன், நோட்டீஸ் பேப்பர்ல போட்டிருக்கே, படிக்கலையா? கேலியாகக்கூடச் சொல்லவில்லை. உண்மையிலேயே அதுதான் சரியான பதில் என்று நினைத்தேன். மறுவாரம் யு.பி.எஸ். வாங்கிக் கொடுத்தேன், அதோடு சரியாகிவிட்டது என்று அதையும் நினைத்தேன். நாற்பத்தொன்று.

பிச்சைமணிக்குப் போன் செய்தால் என்ன? என்னிடம் லைன்மேனாக இருந்தவன், இப்போது ஃபோர்மேன். ஒரு அரை மணி, முக்கால் மணி தள்ளிப் போடச் சொன்னால் செய்வான். கல்யாண மண்டபத்துக்காரர் என் ஆபீஸில் கை கட்டி நின்றிருக்கிறார், தாலி கட்டற நேரம் சார், பதினஞ்சு நிமிஷம் என்று. மாவு மில்காரர் நின்றிருக்கிறார். அறிவிச்சது அறிவிச்சதுதான் என்று ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்லுவேன், அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. போனை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். "வணக்கம் சார், சௌக்கியமா சார்?" என்றான் பிச்சைமணி, பின்னால் லாரி ஓடுகிற சத்தம். நம்ம ஃபீடர் எத்தனை மணிக்கு என்று கேட்டேன், ஏதோ பொதுவாக விசாரிக்கிற குரலில். "பதினொண்ணு பத்துக்கு எடுக்கறோம் சார். செல்வம் போஸ்ட் அடியில கயிறோட நிக்கிறான், எல்.சி. எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு." ஒரு முக்கால் மணி நேரம் தள்ளிப் போக முடியுமாப்பா என்று எனக்கே கேட்காத குரலில் கேட்டேன். அவன் சிரித்துவிட்டான். "சார், நீங்களா கேக்கறீங்க?" எனக்குக் காது சுட்டது. அவன் சிரிப்பை உடனே அடக்கிக்கொண்டு, "வீட்டுல ஏதும் அவசரமா சார்? சொல்லுங்க, ஆபீஸர் மேடத்துக்கிட்ட பேசி நிறுத்தி வைக்கறேன், வெயில்ல ஆளுங்கதான் நிக்கணும், பரவாயில்ல" என்றான். செல்வத்தை எனக்குத் தெரியும். ஒல்லியானவன், வெயிலில் காத்திருந்துவிட்டு ஏறினால் அவசரமாக ஏறுவான், அவசரமாக ஏறினவர்களில் ஒருவனை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தவன் நான். வேண்டாம்ப்பா, சும்மாதான் கேட்டேன், நேரத்துக்கு எடுங்க என்று வைத்துவிட்டேன். பத்து ஐம்பத்திரண்டு. இன்னும் பதினெட்டு நிமிஷம். ஐம்பத்தெட்டு! எப்போது ஏறியது? ஐம்பத்தெட்டிலிருந்து நூறுக்கு நாற்பத்திரண்டு, பதினெட்டு நிமிஷத்தில் நாற்பத்திரண்டு, ஏன் முடியாது, குதித்துக் குதித்துத்தானே போகிறது, முடியும். அப்போது திரை அணைந்தது.

ஃபேன் சுற்றுகிறது. கரண்ட் இருக்கிறது. திரை மட்டும் கருப்பு. பெட்டி ஒரு தடவை மூச்சு விட்டு அடங்கியது. போச்சு. முடிந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். சனிக்கிழமை அவள் வந்து நிற்பாள், பையை இறக்காமலே இந்த மேசைக்கு வருவாள், நான் என்ன சொல்வேன்? உனக்காகத்தான் செய்தேன். இந்த வார்த்தையை ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, கரூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். வரச் சொன்னவன் நான். ஜாதகம் கொடுத்தவன் நான். அவளுக்கு அன்று காலையில்தான் சொன்னேன், சாயங்காலம் நாலு மணிக்கு வர்றாங்க, ஊதாப் புடவை கட்டிக்க என்று. நோட்டீஸ். அவள் ஒன்றும் சொல்லவில்லை, சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நாலு மணிக்குக் காப்பித் தட்டோடு வந்தாள், ஒவ்வொருவருக்கும் குனிந்து கொடுத்தாள், கொடுத்து முடித்துவிட்டு, தட்டை மார்போடு பிடித்துக்கொண்டு, மன்னிச்சுக்குங்க, இதுல என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கல என்றாள். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாள். அவர்கள் போனபிறகு நான் கத்தினேன், எல்லாம் உனக்காகத்தான், உன்னைக் கேக்கறதுக்கு இதுல என்ன இருக்கு என்று. அவள் என்னைப் பார்த்தாள். அதான்ப்பா என்றாள். அவ்வளவுதான். மறுநாள் காலை பஸ்ஸில் போய்விட்டாள். ஆயிரம் தடவை நினைத்திருக்கிறேன், அவள் எப்படி அவர்கள் முன்னால் அப்படிச் சொல்லலாம் என்று. அவள் சொன்னது நிஜமா பொய்யா என்று ஒரு தடவையும் நினைக்கவில்லை. வாரியத்தில் நாங்கள் யாரையும் கேட்பதில்லை, அறிவிப்போம். அந்தப் பழக்கத்தோடேயே வீட்டுக்கு வந்து, அதோடேயே சோறு தின்று, அதோடேயே மகளை வளர்த்திருக்கிறேன். இந்தப் பெட்டிகூட எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தது. திரையில் நீலம் வந்தது. புள்ளிகள் வந்தன. தானே நின்று தானே கிளம்பியிருக்கிறது, சில தடவை அப்படி ஆகும் என்று முதலிலேயே போட்டிருந்தார்கள், நான்தான் மறந்துவிட்டேன். எழுபத்தொன்று.

பதினொன்று இரண்டு. எழுபத்து நாலு. மின்வாரியத்தில் எல்.சி. என்று ஒன்று உண்டு, லைன் கிளியர். கம்பத்தில் ஏறுகிறவன் முதலில் அதை எழுதி வாங்க வேண்டும், வாங்கினால் அந்த லைனில் கரண்ட் இருக்காது. வேலை முடிந்ததும் யார் வாங்கினானோ அவனே வந்து திருப்பிக் கொடுக்க வேண்டும். அவனுக்குப் பதிலாக இன்னொருவன் வந்து, வேலை முடிஞ்சிடுச்சு சார், கரண்ட் விடுங்க என்றால் விடக்கூடாது, சொல்கிறவன் அவனுடைய தம்பியாக இருந்தாலும் விடக்கூடாது. புதுசாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் இதைத்தான் மேசையைத் தட்டிச் சொல்லுவேன். நாலு வருஷமாக இந்த வீட்டில் குணவதிதான் அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அப்பா சாப்பிட்டாரான்னு கேட்டா. நல்லாயிருக்கீங்கன்னு சொல்லிட்டேன். அவள் எவ்வளவு சொன்னாலும் லைனில் ஒன்றும் வராது. வாங்கினவன் நான், திருப்பிக் கொடுக்க வேண்டியவனும் நான்தான். இது இப்போதா எனக்குத் தோன்ற வேண்டும்? எழுபத்தாறு. போனில் சுடர் என்ற பெயர் நாலு வருஷமாக அப்படியே இருக்கிறது, அழைத்ததில்லை. சொல்லாமலே விட்டுவிடலாம், நூறு ஆகிவிட்டால் சொல்லவே தேவையில்லை. நூறு ஆகாவிட்டால் யாரையாவது கூப்பிட்டுச் சரிபண்ணலாம், சனிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது, மூடி மறைக்க நேரம் இருக்கிறது. அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே விரல் அந்தப் பெயரைத் தொட்டுவிட்டது. இந்த முறை எதன்மேல் இருந்தது என்று நன்றாகத் தெரியும். மணி அடித்தது. ஆபீஸில் இருப்பாள், எடுக்க மாட்டாள். எடுத்துவிட்டாள். "அப்பா?" என்றாள். அடுத்த மூச்சிலேயே, "அம்மாவுக்கு என்ன?" என்றாள், குரல் உடைந்து. நான் கூப்பிட்டால் வீட்டில் ஏதோ நடக்கக்கூடாதது நடந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தோன்றும்படி வைத்திருக்கிறேன். "அம்மாவுக்கு ஒண்ணுமில்லம்மா. கத்திரிக்காய் நறுக்கிட்டிருக்கா. நான்தான்... உன் கம்ப்யூட்டரைத் தொட்டுட்டேன்." நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன். "புதுசு போடலாம்னு. நீ வர்றப்ப வேகமா ஓடணும்னு. இன்னும் முடியல, ஓடிட்டிருக்கு. உங்கிட்ட கேட்டிருக்கணும். கேக்கல." அந்தப் பக்கம் யாரோ சிரிப்பது, கதவு சாத்துவது கேட்டது, எங்கோ தனியாக வந்து நிற்கிறாள் போல. எண்பத்து மூன்று. "அன்னைக்கும் கேக்கல" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு என் குரல் மாதிரியே இல்லை.

அப்போது கரண்ட் போனது. யு.பி.எஸ். ஒரே ஒரு தடவை கீச்சென்றது, அடங்கியது. நீலம் இல்லை, புள்ளிகள் இல்லை. ஃபேன் மட்டும் தன் வேகத்துக்குக் கொஞ்ச நேரம் சுற்றி, றெக்கை றெக்கையாகத் தெரிய ஆரம்பித்தது. "என்னப்பா, என்னமோ சத்தம் நின்னுபோச்சு?" என்றாள் சுடர். கரண்ட் போயிடுச்சும்மா என்றேன். "கம்ப்யூட்டர்?" அதுவும்தான், எண்பத்து மூணுல என்றேன். "இன்னைக்கு ஷட்டவுனா?" ஆமாம் என்றேன். அவள் கேட்டாள், அதே வார்த்தைகள், அதே நிதானம், நான் கை கழுவிக்கொண்டே கேட்ட மாதிரியே. "நோட்டீஸ் பேப்பர்ல போட்டிருப்பாங்களே. படிக்கலையா?" எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. யாரையாவது பிடித்து உன் ஃபைலை எப்படியாவது எடுத்துடறேம்மா, சனிக்கிழமைக்குள்ள, உள்ள என்னென்ன இருக்குன்னு மட்டும் சொல்லு என்றேன். "அதுல ஒண்ணும் இல்லப்பா." என்னது என்றேன். "நான் போறப்பவே எல்லாத்தையும் பென் டிரைவ்ல எடுத்துட்டுப் போயிட்டேன்." பின்னே தொட வேணாம், வந்து எடுத்துக்கணும்னு அம்மாகிட்ட சொன்னியே என்றேன். "சும்மா வர்றேன்னு எப்படிப்பா சொல்றது?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் குணவதி கையைத் துடைத்துக்கொண்டே வாசற்படியில் வந்து நின்றாள். "யாருங்க போன்ல? சுடரா? திங்கக்கிழமை எதுக்குக் கூப்பிடறா, குடுங்க" என்று கை நீட்டினாள். ஈரக்கை. நான் போனைக் கொடுக்கவில்லை. இரு, பேசிக்கிட்டிருக்கேன் என்றேன்.